அம்மாவின் வாயைப் பொத்திய கை

பிள்ளைகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி திருச்சி பாலக்கரைக்கு வந்தவள். தெருவே "சொல்றேன்" என்றால், அம்மா மட்டும் "சொல்லுதேன்" என்பாள். எந்தப் பேச்சையும் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துத்தான் விடுவாள்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஸ்கூலுக்கு வந்து, "எம்புள்ள ஒழுங்கா எழுதுதானா டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து, "டேய், எழுதுதியா? ஓடுதியா?" என்று வகுப்பே என்னைப் பார்த்து இழுத்தது.

"இனிமே வெளியில நீ பேசாதம்மா" என்று அழுதேன்.

"சரிலே, பேசல" என்று சிரித்தாள். சொன்னபடியே செய்தாள். கடையில் கையைக் காட்டிச் சாமான் வாங்கினாள். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா திருந்திவிட்டாள் என்று எனக்குப் பெருமைகூட.

ஒரு நாள் காலையில், மாமா இறந்துவிட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்தது. தகப்பன் இல்லாத அம்மாவைத் தூக்கி வளர்த்த அண்ணன். அப்பா ஸ்ரீரங்கத்தில் வேலையில் இருந்தார். அவர் வந்த பிறகுதான் பஸ் ஏற வேண்டும். அதற்குள் தெருப் பெண்கள் வந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கூடப் பிறந்தவள் ஒப்பாரியை எடுத்தால்தான் மற்றவர்கள் சேருவார்கள்.

அம்மா எடுத்தாள். "என்னப் பெத்த அண்ணே... என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே..."

அதே இழுப்பு. இன்னும் நீளமாக. வாசலில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நின்றார்கள். நான் ஓடிப்போய் அம்மாவின் வாயைப் பொத்தினேன்.

"வேணாம்மா. சிரிப்பாங்க."

அவர்கள் சிரிக்கவே இல்லை. ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அம்மா என்னைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

ஊரில், மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தும் அம்மாவுக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"திருச்சிக்காரி ஆயிட்டாள்லா! வளத்த அண்ணனுக்கு ஒரு வாய் அழுதாளா பாரு" என்று அம்மாவின் தங்கை, என் சித்தி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அப்புறம் மாமா வீட்டிலிருந்து எங்களுக்கு எந்த விசேஷத்துக்கும் அழைப்பு வந்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மடியில் படுத்திருந்தேன். யாரும் சிரிக்காமல் அம்மாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நிம்மதி. அம்மாவின் தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பாவம், தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.