வேம்புலியம்மாளுக்கு நான் பாடிய பின்பாட்டு

பூந்தமல்லி கோதண்டம் என்றாலே ஆர்மோனியம்தான். முப்பது வருடம் நாடக மேடையில் ராஜாவுக்கும் மந்திரிக்கும் வாசித்தவன் நான். கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அதை உடைத்தவள் மேனாம்பேட்டில் நாற்று நட்ட வேம்புலியம்மாள். மகராசி, நன்றாக இருக்கட்டும்!

அடுத்தவர் கட்டிய பாட்டை அவள் பாடவே மாட்டாள். கழனியில் இறங்கியதும் தோன்றியதைக் கட்டுவாள். வரப்பில் நின்று அதட்டிய பண்ணைக் காரியக்காரரையே ஒருமுறை, "குடைக்குள்ள நிக்கிறவரே, குனிஞ்சி பாத்தா இன்னா?" என்று பாட்டில் இழுத்துவிட்டாள். இரண்டு நாள் வேலை இல்லை என்று விரட்டினார்கள். மூன்றாம் நாள் அதே பாட்டோடு இறங்கினாள்.

1934இல் பட்டணத்து இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று நடவுப் பாட்டு தேடியது. நான்தான் அவளை அம்பத்தூரில் ரயிலேற்றிக் கூட்டிப்போனேன். அதற்குள் ஊரெல்லாம் தம்பட்டம் வேறு அடித்திருந்தேன்.

ஒலிவாங்கி முன்னால் முதல் அடியைப் பாடியவள், நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். பாட்டைப் பதியும் மெழுகுத் தட்டு வீணாகச் சுற்றியது.

"ஏம்மா நிறுத்தினே?" என்று மேலாளர் கத்தினார்.

"பொம்பளைங்க திருப்பிப் பாடணுமே!"

நடவில் ஒருத்தி அடி எடுத்தால் மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி. இரண்டாவது தட்டும் அதே இடத்தில் பாழாயிற்று.

"இன்னும் ஒரே தட்டுதான். முழுசா நீயே பாடு, இல்லன்னா ஊருக்குக் கெளம்பு," என்றார் மேலாளர்.

 "அடம் புடிக்காதம்மா," என்று கெஞ்சினேன்.

"திருப்பிப் பாட ஆளில்லன்னா அது இன்னா பாட்டு அண்ணாத்தே? நான் ஊட்டுக்குப் போறேன்," என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? "நில்லு. நீ பாடு, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

தட்டு சுழன்றது. அடியைப் பாடி நிறுத்தினாள். சேற்றில் பெண்கள் பாடுவதை மேடைக்காரன் பாடுவதா என்று ஒரு கணம் கூச்சமாக இருந்தது. பிறகு, போகட்டும் என்று வாயைத் திறந்தேன். தகரத்தைச் சுரண்டினாற்போல ஒரு குரல்! அவள் முகம் மலர்ந்தது. அடுத்த அடி வந்தது, அதற்கடுத்தது வந்தது, பாட்டு முடிந்தேவிட்டது.

தட்டு அவள் பெயரோடு வெளிவந்து நன்றாகவே விற்றது. "எங்கள் புலவர் எழுதிய பாட்டைப் பாடு" என்று கம்பெனி மறுபடி ஆள் அனுப்பியது. "என் வாய்க்கு என் பாட்டு போதும்," என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆயுசுக்கும் அந்த ஒரு தட்டோடு சரி.

பூந்தமல்லி கடைத்தெருவில் அதைப் போட்டபோது என் குரலைக் கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் போயிற்று என்று மேனாம்பேட்டுக்குப் போய் அவளிடமே பொருமினேன்.

"சிரிக்கட்டும் வுடு அண்ணாத்தே. அந்த ரூம்ல எனக்குன்னு யாருமே இல்லன்னு நெனச்சேன். நீ வாயத் தொறந்த பாரு, அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சி."

முப்பது வருடம் வாசித்திருக்கிறேன், ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.