நாங்குநேரியில் தூண் பிளந்த மாலை

அக்காவுக்கு நாங்குநேரியில் மாப்பிள்ளை பேசி முடித்த அதே மாதத்தில்தான், எங்கள் நடனக் குழுவையும் நாங்குநேரிக்கு ஆட வரச் சொல்லி அழைத்தார்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். குழுவில் ஆண் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் பெண்கள். பரதநாட்டியம் முறையாகக் கற்றவர்களாகப் பார்த்துச் சேர்த்த குழு. கல்லூரி விழா, கோவில் திருவிழா, ஒருமுறை ஒரு வங்கியின் ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வேன் ஏறிப் போவோம்.

நான் ஆட வந்தது அக்காவால். கல்லிடைக்குறிச்சியில் அவள் நடன வகுப்புக்குப் போனபோது துணைக்கு என்னை அனுப்பினார்கள். வாசல்படியில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவனை ஒருநாள் உள்ளே வந்து வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் அக்கா நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. வீட்டில் யாரும் தடுக்கவும் இல்லை, வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அம்மா தெருப் பெண்களோடு அப்பளம் இடும்போது யாராவது என்னைக் கேட்டால், "டியூஷனுக்குப் போயிருக்கான்" என்பாள்.

அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் கைகூடி வந்து நின்று போயிருந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி வடக்கே பார்த்து ஏறுகிறது, வாஸ்துப்படி ஆகாது என்று அந்த வீட்டுக்காரர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்பா எதற்கெடுத்தாலும் பயந்தார். நாங்குநேரிக்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்று காலையில் மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு துணிக்கொடி கட்டி, போர்வையைக் காயப்போட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா நாங்குநேரியில் பந்தல் சாமான்கள் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அன்று என்னைப் பார்த்து, "தம்பி என்ன செய்யுதாப்ல?" என்று கேட்டார். "எம்.எஸ்ஸி. படிக்கான்" என்று அப்பா அவசரமாகச் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த நிலையில்தான் அழைப்பு வந்தது. அந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கலைவிழா. விழாக் கமிட்டியில் மாப்பிள்ளையின் அப்பாவும் ஒருவர் என்பது அக்காவிடம் மாப்பிள்ளை போனில் பேசியபோது தெரிந்தது.

"அவுக அப்பா முன்வரிசையில உக்காந்திருப்பாவளாம்" என்று அக்கா சொன்னதும், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏலே, ஒரு நாளைக்கு காய்ச்சல்னு சொல்லிரு. கல்யாணம் முடியட்டும். பெறவு நீ எங்க வேணும்னாலும் ஆடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

நாங்குநேரி பெருமாள் ஊர் என்பதால் தசாவதாரம் ஆடுவதாக முடிவு செய்திருந்தோம். அதில் நரசிம்மம் நான். எனக்குப் பதிலாக இறங்க ஆள் கிடையாது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, காய்ச்சல் நிஜமாகவே வந்துவிட்டால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

அக்காதான் பேசினாள். "அப்பா, அவன் ஆடட்டும். நான்தான் பாதியில விட்டேன். எனக்காக அவனும் விட்டான்னா அந்த வீட்டுல போயி நான் எப்படி நிம்மதியா இருப்பேன்? தெரிஞ்சா தெரியட்டும். இன்னைக்கு இல்லேன்னா நாளைக்குத் தெரியத்தானே போகுது?"

"நின்னு போச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள், வெகுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாயிற்று.

விழா அன்று பிற்பகல் வேனில் போய் இறங்கினோம். எங்களோடு குழுவின் இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். மாஞ்சோலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். தேயிலைத் தோட்டத்தை மூடி ஆட்கள் எல்லோரும் மலையிலிருந்து கீழே இறங்கியபோது அவள் வீட்டாரும் இறங்கி வந்துவிட்டார்கள். கணுக்கால் பிசகியிருந்ததால் அவளால் ஆட முடியவில்லை. பாட்டைப் போடுவதும் நிறுத்துவதும் அவள் பொறுப்பு. மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மை தீட்டி, பஞ்சகச்சம் கட்டி, சலங்கையை முடிந்துகொண்டு திரைச்சீலை ஓரமாக எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் நடுவில் அவர் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கைகளைக் கட்டியிருந்தார். முடிந்த சலங்கையை அவிழ்த்து மறுபடியும் முடிந்தேன். மாஞ்சோலைக்காரி கவனித்துவிட்டாள்.

"என்ன, யாரப் பாக்க?"

"எங்க அக்காவுக்கு மாமனாரா வரப்போறவரு."

"அவரு ஆகாதுன்னு சொல்லிருவாரோ?"

"தெரியல."

"சரி, மேடையில இருக்கையில அவரப் பாக்காத. இரணியனப் பாரு" என்றாள்.

மச்சம், கூர்மம், வராகம் என்று வரிசையாக ஆடினோம். முதல் மூன்றிலும் நான் பின்வரிசையில். அப்போதே அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கட்டிய கைகளைப் பிரித்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்துகொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நரசிம்மம் வந்தது. இரண்டு பெண்கள் நெருங்கி நின்று கைகளை உயர்த்திக் கோத்தால் அதுதான் தூண். அதற்குப் பின்னால் நான் குனிந்திருப்பேன். இரணியனாக ஆடியவள் கதாயுதத்தை ஓங்கித் தூணில் அடிப்பாள். கைகள் பிரியும். நான் வெளிப்பட வேண்டும். அவள் ஓங்கினாள், அடித்தாள். தூண் பிளந்தது. நான் பாய்ந்து வெளியே வந்தேன். அந்த நொடியில் கரண்டு போய்விட்டது.

விளக்கும் பாட்டும் ஒன்றாக நின்றன. கூட்டத்தில் ஒரு பெரிய "ஆ" எழுந்தது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. நாங்களே ஏற்பாடு செய்த வித்தை அது என்று பலர் நினைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. சன்னல் வழியாக அந்திவெளிச்சம் கொஞ்சம்தான் வந்தது. ஒரு காலைத் தூக்கியபடி நான் அப்படியே நின்றேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இரணியனும் கதையோடு நின்றாள். யாராவது ஒருவர் சிரித்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தது.

அப்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தகிட தகிட தளாங்கு!" மலையில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போயிற்று. மாஞ்சோலைக்காரி நாற்காலிச் சட்டத்தில் உள்ளங்கையால் அடித்துத் தாளம் போட்டுக்கொண்டே சொற்கட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். என் கால் தானாகத் தரையில் இறங்கியது. அதன்பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கைபேசி விளக்கைப் போட்டு எங்கள் பக்கம் பிடித்தார்கள். சலங்கைச் சத்தம் அவ்வளவு தெளிவாக எனக்கு எந்த மேடையிலும் கேட்டதில்லை. இரணியனை மடியில் கிடத்தியபோது அவள் காதோரம் மெதுவாக, "நகத்தப் பையப் போடு" என்றாள்.

வாமனனும் பரசுராமனும் அந்த வெளிச்சத்திலேயே வந்து போனார்கள். இராமன் வில்லை வளைக்கும்போது வெளியே ஒரு ஜெனரேட்டர் இரைந்தது. விளக்குகள் எரிந்தன. கைதட்டல் அடங்க நேரமானது.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். நடு நாற்காலி காலியாக இருந்தது.

மிச்சத்தை எப்படி ஆடினேன் என்று நினைவில்லை. எழுந்து போய்விட்டார். அதுவும் பாதியில். அப்பாவிடம் என்ன சொல்வது, அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்றே மனது ஓடியது. ஆட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் வந்ததும் சலங்கையைக்கூட அவிழ்க்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இங்கன இருக்கியளா, தம்பி?"

நிமிர்ந்தேன். அவர்தான். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுவதும் கறுப்பு எண்ணெய். கைகளைப் பழைய துணியொன்றில் துடைத்துக்கொண்டிருந்தார். டீசல் வாடை அடித்தது. நான் பதறி எழுந்தேன்.

"மைக்செட்டு எடுத்தவன் நொண்டி ஜெனரேட்டரக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். எங்கடையில கெடந்தத லோடு ஆட்டோவுல ஏத்திட்டு வந்தேன். நீங்கபாட்டுக்கு இருட்டுல ஆடிக்கிட்டு இருக்கிய. எனக்கு இருப்புக் கொள்ளல."

அவரே கேட்டார், "ஒங்கப்பா ஏன் தம்பி இதச் சொல்லல?"

"நீங்க என்ன நெனப்பியளோன்னு பயந்துட்டாவ, மாமா." மாமா என்று வாயில் வந்துவிட்டது. அதுவரை அவரை நான் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

"நெனச்சேன். பொய் சொல்லக்கூடாதுல்லா? பொண்ணுக்குத் தம்பியா இது, மையெல்லாம் போட்டுக்கிட்டுன்னு ஒரு மாதிரியாத்தான் இருந்துது. எனக்கு இந்த ஆட்டமெல்லாம் புரியாது." துணியை மடித்தார். "கரண்டு போனதுக்குப் பெறவும் நீங்க யாரும் மேடைய விட்டு எறங்கல பாருங்க, அது புரிஞ்சுது. நானும் எத்தனையோ மேடைக்குப் பந்தல் போட்டவன். கரண்டு போனா மொதல்ல மேடதான் காலியாகும்."

கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். பாதம் சிவந்து, விரலோரம் தோல் உரிந்திருந்தது.

"வீட்டுல ஒங்க அத்தைக்கு மனசு கொஞ்சம் ஒப்பாது. நான் பையச் சொல்லிக்கிடுதேன். நீங்க அதப் பத்திக் கவலப்படாதிய. அப்பாட்ட நாளைக்கு நான் போன் போடுதேன்னு சொல்லுங்க."

அத்தை. எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எனக்கு அத்தையாக வேண்டுமானால் கல்யாணம் நடந்தாக வேண்டும். யாரோ என் நெஞ்சின் மேல் ஏற்றி வைத்திருந்த மூட்டையை இறக்கியதுபோல் மூச்சு வந்தது. வெளியிலிருந்து யாரோ "அண்ணாச்சி, வயரு சுடுது!" என்று கத்தினார்கள். அவர் ஓடினார்.

அக்கா முதல் மணியிலேயே போனை எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். அவர் 'அத்தை' என்று சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கடைசியில், "நீ சாப்பிட்டியாலே?" என்று மட்டும் கேட்டாள். பின்னால் அப்பா, "என்னவாம்? என்னவாம்?" என்று அரற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் நாற்கரச் சாலை ஓரத்தில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். மாஞ்சோலைக்காரிக்குத் தொண்டை கட்டிப்போய்க் காற்று மட்டும்தான் வந்தது. அவள் சைகையிலேயே சுக்குக் காப்பி கேட்டாள். டீக்கடைக்காரர் மை கலைந்த என் கண்களை ஒருமுறை, இரண்டுமுறை பார்த்தார். எனக்குக் கூச்சமாக இல்லை. "நாங்குநேரியில ஆடிட்டு வாரோம், அண்ணாச்சி" என்று நானே சொன்னேன். "அப்படியா, நல்லது" என்று சொல்லி டீயை ஆற்றிக் கொடுத்தார். சுடச்சுடக் குடித்தேன். கூட ஒரு வடையும் தின்றேன். பிறகு இன்னொன்றும் கேட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.