ஒரே ஒருவர் வரும் வலைத்தளம்

எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஊரில் வலைத்தளம் வடிவமைக்கிறவர்களையும் அதற்கு நிரல் எழுதுகிறவர்களையும் ஓர் அலுவலக மாடியில் கூட்டி வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் பேசு என்றால் விடிய விடியப் பேசுவான் ஒருவன். டீ வரும்வரை தூங்கிவிட்டு, டீ வந்ததும் விழித்துக்கொள்வான் இன்னொருவன். இதையெல்லாம் நடத்துகிறவனுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

என் கோபத்துக்கு ஒருநாளும் ஆளாகாதவர் பட்டன் அக்கா. யார் என்ன பேசி முடித்தாலும் கையைத் தூக்கி, அந்தப் பட்டனை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்கக் கூடாதா என்று கேட்பார். அதனால் அந்தப் பெயர். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், மக்கள் நிரப்புகிற பக்கங்களை வடிவமைப்பதுதான் அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் அவருமாக ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள்.

கதவோர நாற்காலியில், மடியில் போனை மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்காருவார். நடுவில் அது ஒரு முறை அதிரும். எடுத்துப் பார்ப்பார், முகம் தெளியும், மறுபடி பேச்சைக் கேட்பார். ஒருநாள் டீ நேரத்தில் யாரக்கா அது, அவ்வளவு முக்கியமான ஆள் என்று கிண்டலாகக் கேட்டேன். அம்மா என்றார்.

அம்மாவுக்கு மறதி நோய். மகள் வேலைக்குப் போனதே நினைவிருக்காது, வீடு முழுக்கத் தேடுவார், வாசலில் போய் நின்று அழுவார். அதற்காக அக்கா ஒரு வலைத்தளம் செய்திருந்தார். அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட் கணினியின் திரை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன், அதன்மேல் ‘மகள் எங்கே?’ என்று எழுதியிருக்கும். அழுத்தினால் பெரிய எழுத்தில் பதில் வரும். அம்மா அழுத்தியது அக்காவின் போனுக்கும் தெரியும். ஒரு முறை படித்துவிட்டால் அப்புறம் வெகுநேரம் தேட மாட்டார்.

நாங்களெல்லாம் எங்கள் வலைத்தளங்களின் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் எதையாவது சேர்ப்போம். அக்கா தன்னுடையதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார். முதலில் நாள்காட்டி போயிற்று. பிறகு கடிகாரம். தன் குரலைப் பதிந்து வைத்திருந்தார், டேப்லெட்டின் பின்னால் யாரோ ஒளிந்திருப்பதாக அம்மா பயந்ததால் அதுவும் போயிற்று. நரைத்த தலையோடு இருந்த தன் படத்தை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று, கல்லூரிக் காலத்துப் படத்தை வைத்தார். எங்கள் யாருக்கும் இப்படியொரு வேலை வாய்த்ததில்லை. அதனால் பேசச் சொல்லி நான்தான் நச்சரித்தேன். மேடை என்றாலே உதறல் என்று நழுவிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் தானாக வந்து பேசுகிறேன் என்றார்.

காரணம் அவருடைய தம்பி. வெளியூரில் இருப்பவர், கெட்டவர் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அம்மா தெருவில் போய் நின்ற நாளிலிருந்து, அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்காவுக்கு அதைக் கேட்டாலே அழுகை வந்துவிடும். கூட்டத்துக்கு வந்து கண்ணால் பார், அம்மா அழுத்திப் படித்துவிட்டு அமைதியாக இருந்தால் இல்லம் என்ற பேச்சையே எடுக்காதே என்று தம்பியிடம் கேட்டிருந்தார். அவரும் சரியென்று வந்திருந்தார்.

நேரடியாகச் செய்து காட்டப் போய் மாட்டிக்கொள்ளாதவர் எங்கள் தொழிலில் யாருமில்லை. முதல்நாளே பதிவுசெய்து வைத்துக்கொண்டு அதைப் போட்டுக் காட்டுங்கள் என்று அக்காவிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். பதிவென்றால் தம்பி நம்பமாட்டான் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அக்கா என்னமாய்ப் பேசினார்! ஒளிந்திருந்த குரலின் கதைக்குக் கூடமே சிரித்தது, தூங்குகிற ஆள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தார். வீட்டில் அம்மா ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதில் ஒரு வரி வரும். அக்கா மேடையில் நின்று மற்றவர்களைப் போலவே காத்திருந்தார்.

வரி வந்தது. ‘அம்மா அழுத்தினார். பதில்: மீட்டிங்கில் இருக்கேன், இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்.’ எல்லோரும் கைதட்டினார்கள், தம்பியும் தட்டினார். அக்கா எங்களைப் பார்த்துத் திரும்பி, தம்பியைப் பார்த்துச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது வரி வந்தது. உடனே மூன்றாவது. பிறகு எண்ண முடியவில்லை. ஒரே வரி, ஒன்றின்கீழ் ஒன்றாக, திரை நிரம்பி மேலே ஓட ஆரம்பித்தது. பூட்டிய கதவை யாரோ விடாமல் தட்டுவதுபோல் இருந்தது.

வெளியாள் பார்த்திருந்தால் இன்னும் பலமாகக் கைதட்டியிருப்பான். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும். பதில் கிடைக்காதவர்தான் ஒரே பட்டனை அப்படிக் குத்துவார். எழுத்து வருகிறது, அம்மாவுக்கு அது போய்ச் சேரவில்லை. கைதட்டல் தானாக நின்றது. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் அக்கா திரும்பித் திரையைப் பார்த்தார்.

ஓடிப்போய்த் திரையை அணைக்கப் போனேன்.

“அணைக்காதீங்க,” என்றார் அக்கா. “நிறுத்திட்டாங்கன்னா எனக்குத் தெரியணும்.”

தம்பி எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். “அக்கா, போதும். வா, வீட்டுக்குப் போலாம்.”

என் காரில்தான் போனோம். வழியெல்லாம் அக்காவின் மடியில் போன் அதிர்ந்துகொண்டே வந்தது. வீட்டில், துணைக்கு இருந்த பக்கத்து வீட்டம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார், எவ்வளவு சொல்லியும் டேப்லெட்டைத் தர மறுக்கிறார்கள் என்றார். அம்மா அதை மடியில் வைத்துக் குத்திக்கொண்டிருந்தார். விரல்நுனி சிவந்துபோயிருந்தது.

அக்கா எதிரில் போய் மண்டியிட்டார். அம்மா நிமிர்ந்து பார்த்தார், முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டேப்லெட்டை அவரிடம் நீட்டினார்.

“வாங்கம்மா. நல்ல வேளை வந்தீங்க. என் பொண்ணு எங்க போனான்னு இதுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். எனக்கு ஒண்ணும் புரியல.”

அக்கா அதை வாங்கினார். திரையைப் பார்த்து வாசித்தார். “மீட்டிங்ல இருக்காங்களாம். இருட்டறதுக்குள்ள வந்துடுவாங்கன்னு போட்டிருக்கும்மா.”

“அப்படியா? அவ வர்ற வரைக்கும் நீங்க போயிடாதீங்க, என்ன?”

“போகல.”

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் மட்டும் என்ன, கல்லா?

அதற்குப் பிறகு இல்லப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. எடுத்தது அக்கா. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று தம்பி இழுத்தபோது, “நான் பக்கத்துலயே இருந்தாலும் அவங்களுக்கு நான் வரலடா. அங்க ராத்திரி பகலா பாத்துக்க ஆள் இருக்கு,” என்று சொல்லித் தானே கையெழுத்துப் போட்டார்.

இப்போது வேலை முடிந்ததும் தினமும் அங்கே போகிறார். பெற்ற பெண்ணைப் பற்றி அம்மா பெருமையாகச் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அவள் வரும்வரை துணைக்கு உட்கார்ந்திருக்கிறார்.