இரண்டு நாள் எழுந்திருக்காத கண்டக்டரம்மா

கண்டக்டரம்மாவுக்கு வாய் பெரிது, மூத்திரப்பை சின்னது. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவள். டெப்போவில் பெண்களுக்கென்று கழிப்பறை கட்டியதே அவள் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தபோதுதான். அதுவரை வண்டி ஏறினால் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அவள் சட்டம். சிறுநீரகத்தில் பாதியை அந்தச் சட்டம் தின்றது. மீதியை ரத்தக்கொதிப்பு பார்த்துக்கொண்டது. பிறகு இதயமும் தளர்ந்தது. உடம்பில் நீர் தேங்காமலிருக்கத் தினமும் காலையில் ஒரு தண்ணி மாத்திரை. போட்டால் மத்தியானம் வரை கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் ஓட்டம்தான்.

போன வருஷம் ஆற்றங்கரைத் திடலில் நடந்த இசை, கலை விழாவுக்கு மகன் அவளைக் கூட்டிப்போனான். கழிப்பறை வரிசையில் இருபது பேருக்குப் பின்னால் நின்றவளுக்கு, நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது. பின்னால் நின்ற ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வயசுல வீட்ல கெடக்காம..." என்றாள். ஓடுகிற வண்டியை நிறுத்திக் குடிகாரனைக் காலரைப் பிடித்து இறக்கியவள், ஒரு வார்த்தை பேசாமல் நனைந்த துணியோடு வீடு வந்தாள். அதற்குப் பிறகு தெருமுனைக்குக்கூடப் போகவில்லை.

ஆனால் இந்த வருஷ விழா நோட்டீஸை நாலாக மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். மகன் பார்த்துவிட்டான்.

"போலாமாம்மா?"

"எதுக்கு? போன வருஷம் நான் நடத்தின கச்சேரி போதாதா?"

"இந்தத் தடவை அப்படி ஆகாது. நான் பாத்துக்கறேன்."

"எப்படி? கையில பக்கெட்டோட நிப்பியா, இன்ஜினியர் சார்?"

அவன் குடிநீர் நிலையத்தில் இன்ஜினியர். ஒரு வாரம் முன்பே திடலுக்குப் போய் அளந்தான். எத்தனை மணிக்கு எங்கே நிழல் விழும், எந்த இடத்தில் சத்தம் காதை உடைக்காது, எல்லாம் எழுதிக்கொண்டான். நாற்காலியிலிருந்து கழிப்பறை நூற்று எண்பத்தாறு மீட்டர். அவள் நடைக்கு ஏழு நிமிஷம். வரிசையில் நிற்கும் நேரம் தனி. கணக்கு உதைத்தது. விழா நடக்கிற இரண்டு நாளும் மாத்திரையை நிறுத்தினால் கணக்கு நேராகிவிடும். டாக்டரைக் கேட்டால் வேண்டாமென்பார். அதனால் கேட்கவில்லை.

முதல் நாள் எல்லாம் அவன் போட்ட கோட்டில் போயிற்று. கைப்பிடி வைத்த நாற்காலி, முதுகுக்குத் தலையணை, காலுக்கு முக்காலி, மேலே குடை. முரசுக்காரர்கள் வந்தபோது கைப்பிடியில் தாளம் போட்டாள். இழுத்து இழுத்துப் பாடிய ஒருவனைப் பார்த்து, "ஸ்டாப்பிங் வந்தும் நிறுத்த மாட்டேங்கறானே" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது போதும். உப்புக்கடலை ஒரு பொட்டலம் முழுசும் தின்றாள்.

இரண்டாம் நாள் காலையில் செருப்பு காலில் ஏறவில்லை. நேற்று முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் வீங்கிய கால் என்று அவன் முக்காலியை உயர்த்தினான். மத்தியானம் இருமினாள்.

"மூச்சு அடைக்கற மாதிரி இருக்குடா."

"தூசிம்மா." முகக்கவசம் எடுத்து மாட்டினான்.

"சரி, ரெண்டு நாளா ஒரு தடவைகூட எந்திரிக்கல, பாத்தியா? ராணி மாதிரி உக்காந்திருக்கேன்."

அவனுக்கும் பெருமைதான்.

நாலு மணிக்கு அவள் உதடு நீலமாக இருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார்: "தண்ணி மாத்திரை தினம் போடறாங்கல்ல?"

மகன் வாயைத் திறக்குமுன் அவள் ஆக்சிஜன் கவசத்தைத் தூக்கினாள். "இன்ஜினியர் சார் வேண்டாம்னுட்டாரு."

டாக்டர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது வெளியேறும் வால்வை மூடாதே என்பது அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்ற பாடம்.

ஊசி போட்டார்கள். சிறுநீருக்குக் குழாய் சொருகி, கட்டிலின் பக்கத்தில் பை மாட்டினார்கள்.

"இந்தப் பை நிறையணும் சார்" என்றாள் நர்ஸ். "நிறைஞ்சா பொழச்சுக்குவாங்க."

மறுநாள் முழுக்க அவன் பையின் முன்னால் நின்றான். காலையில் முப்பது மில்லி. மத்தியானமும் அதே முப்பது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. நெஞ்சு மட்டும் கொதிக்கிற பானை மாதிரி சத்தம் போட்டது. சாயங்காலமும் முப்பதே.

"குழாய் அடைச்சிருக்கும். கழட்டிப் பாருங்க" என்றான்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். குழாய்க்குள் மருந்துநீர் ஏற்றி, இழுத்தும் பார்த்தாள்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு சார்."

அதற்கடுத்த நாள் காலை, பை முப்பத்தைந்து மில்லியில் நிற்க, அவள் போய்ச் சேர்ந்தாள்.