பெருவிரல் அளவு நிலம்

எங்கள் வாடகை வீட்டில் மண் கொத்த விடமாட்டார்கள். எனக்கோ வெண்டி நடாமல் இருக்க ஏலாது. மாசியில் பக்கத்துப் பொதுத்தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் கேட்க மகளோடு போனேன். படிவம் நிரப்பச் சொல்வார்களோ என்று பயம். எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை.

நிலம் பிரித்துக் கொடுத்தவர் ஒரு இந்தோனேசியாக்காரர். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். கையில் பேப்பரும் இல்லை, அளக்கிற நாடாவும் இல்லை. தோட்டத்தின் நடுவில் தடிப்பாய் ஒரு மரக்குற்றி நட்டிருந்தார். புளோரஸ் தீவில் அவருடைய மலைக்கிராமத்தில் குற்றியில் விரல் வைத்துத்தான் வயல் பிரிப்பார்களாம். மேலேயிருந்து பார்த்தால் சிலந்திவலை மாதிரி இருக்குமாம். மகள்தான் கேட்டுச் சொன்னாள்.

என் பெருவிரலைப் பிடித்துக் குற்றியில் வைத்து, இரண்டு பக்கமும் கோடு கீறினார்.

"இவ்வளவுதானோ? இதுக்குள்ள ஒரு கொச்சிக்காய்ச் செடியும் நிக்காது. கேள் பிள்ளை!"

"கயித்தோட நடந்து பாக்கட்டாம், அம்மா."

கோடுகளிலிருந்து வேலி வரைக்கும் இரண்டு கயிறு இழுத்திருந்தார். நடக்க நடக்க அவை விலகிக்கொண்டே போயின. வேலியடியில் என் கட்டில் இரண்டு போடலாம்!

"இவ்வளவும் எனக்கோ?"

"ஓம். உங்கட விரல் நல்ல தடிப்பாம்!"

கைநாட்டு வைக்க மட்டும் உதவிய விரல் அது.

வெண்டி காய்த்ததும் முதல் கூடையை அவரிடம் கொண்டுபோனேன். "உங்கட பங்கு எது?" என்று சைகையில் கேட்டேன். குற்றியில் ஆக ஒடுங்கிய இடத்தைக் காட்டி, தன் சுண்டுவிரலைத் தூக்கிச் சிரித்தார். அளக்கிறவர் தன் பங்குக்கு அந்தச் சின்ன விரலை ஏன் வைத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.