நான்காவது பொன்னாடை

மகள் விளையாடும் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்றுநர் வரும்போதெல்லாம் பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டு போவேன். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வந்தவரை வெறுந்தோளோடு நிற்கவிட என்னால் முடியாது. இதெல்லாம் இங்கே வழக்கமில்லை என்று மகள் பிரெஞ்சில் சலித்துக்கொள்வாள்.

மூன்று வருடத்தில் மூன்று பேர். போர்த்தியபோது மூவரும் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூடச் சம்பளத்துக்கு வேறு கழகம் கூப்பிட்டதும், பிள்ளைகளுக்குக் கைபேசியில் இரண்டு வரி அனுப்பிவிட்டு மூவரும் போய்விட்டார்கள். எனக்கும் அலுத்துவிட்டது.

போன வாரம் வேலை முடிந்த களைப்போடு மறுபடி அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் கேட்காமலே பொன்னாடைக் கட்டை இறக்கினார்.

"அடுத்த கோச் வந்திட்டாரோ, அண்ணை?"

"இல்லை. அணிக்கு வாற அரசாங்க உதவியை நிப்பாட்டப் போகினமாம். அதைச் சொல்ல ஒரு அதிகாரி வாறார். அவருக்குத்தான்."

அவர் கை கட்டின் மேலேயே நின்றது. "உதவியை நிப்பாட்ட வாறவருக்கோ?"

"ஓம். அந்த மனுசனாவது நேரிலை வந்து சொல்லப்போகுது."