வலைப்பந்துக்கு ஒரு கையெழுத்து

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் எங்கள் பெண் பிள்ளைகள் கோட்ட மட்ட வலைப்பந்தில் வென்று வலயப் போட்டிக்குத் தெரிவானார்கள். சந்தோஷப்பட எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்தான். மறுநாளே கையெழுத்துக்காக அலையத் தொடங்கினேன்.

பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம் பயிற்சி வேண்டும். கேட்டதற்குப் பள்ளி அதிபர், "பெற்றோர் கடிதம் தந்தா எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். பெற்றோரோ, "தலைவர் சரின்னா அனுப்புறோம்" என்றார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்தேன். "பொம்பளப் புள்ளைங்க விசயம். எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்று நழுவினார். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஸ்கூல் விசயத்துல நாங்க தலையிட மாட்டோம். அதிபர்கிட்ட கேளுங்க."

ஒரு வாரம் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தேன். வாய்விட்டுத் திட்டக்கூட ஆளில்லை. ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லையே!

அந்தச் சனிக்கிழமை சமூக மண்டபத்தில் இளைஞர் நலன் பற்றிக் கூட்டம். மேடையில் அதே மூன்று பேர். பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள், ஓடியாடி விளையாட வேண்டும் என்று மாறி மாறிப் பேசினார்கள். என் பக்கத்தில் இருந்த அணித் தலைவி, பதினாறு வயதுக்காரி, காதோரம் கேட்டாள்: "டீச்சர், அவங்க எங்களயா சொல்றாங்க?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். "மூணு பேரும் ஒரே எடத்துல இருக்கீங்க. பயிற்சிக்கு யாரு கையெழுத்து வைக்கப் போறீங்க?"

அதிபர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர், "தேத்தண்ணி வந்திருச்சி" என்றார்.

அப்போது அணித் தலைவியின் அம்மா எழுந்தாள். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக வந்தவள். சேலை நனையாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்த்திருக்கவில்லை.

"எங்களுக்குப் பயமே அந்தப் பாததாங்க, புள்ளைங்க காட்டுக்குள்ள தனியா நடந்து வரணும். நாலரைக்குக் கொழுந்து நிறுத்ததும் நாங்க நாலு பேரு ஸ்கூலுக்கு வந்து கூட்டிட்டுப் போயிர்றோம். எங்க போடணும் கையெழுத்து? பேனாவக் குடுங்க."

அவள் எழுத்துக்கூட்டிப் போட்டாள். பின்னால் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பின் அதிபரும் போட்டார், ஏதோ தான்தான் முதலில் சொன்னவர் போல.

போட்டிக்கு இருந்த ஆறு வாரமும் மழை. அம்மாமார் தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் வந்து நிற்பார்கள். தலைவரைக் கேட்கச் சொல்லி என்னை வாசலோடு திருப்பி அனுப்பிய அம்மா ஒருத்தி, இரண்டாவது வாரத்திலேயே, "பந்த வச்சிக்கிட்டு என்னாடி யோசன? எறி!" என்று கத்தத் தொடங்கினாள்.

நுவரெலியாவில் நடந்த வலயப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம், அதுவும் மோசமாக. திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் கந்தப்பளை வரைக்கும் அழுதார்கள். அதன்பின், யார் யாரை மறித்திருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, முன்சீட்டின் முதுகில் விரலால் கோடு போட்டு விளக்கினாள். அழுகையை மறந்து மற்றவர்கள் கேட்டார்கள்.

இப்போது வாரம் மூன்று நாள் பயிற்சி நடக்கிறது. நாட்களை முடிவு செய்வது அம்மாமார்தான். கூட்டம் நடத்தியவர்களின் அறிக்கை போன மாதம் வந்தது. மேடையிலிருந்த மூவரின் முயற்சியால் வலைப்பந்துப் பயிற்சி ஆரம்பமானதாம். இரண்டு தடவை படித்தேன். வெளியே பிள்ளைகள் பந்து கேட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.